ஆவாரங்கொத்தும் ஒருவாய்ப் பன்றிக்குட்டியும்

ஒரு காட்டில் என்றுதான் தொடங்க நினைத்தேன், குழந்தைகளே. ஆனால் இந்தக் கதை நடந்த இடத்தில் மரம் நாலைந்துதான் இருக்கும், மீதியெல்லாம் புல். அதனால் காட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய புல்வெளியில் என்று வைத்துக்கொள்வோம்.

இளவேனில் காலம். கோடை மழை கொட்டிவிட்டுப் போயிருந்தது. அதற்கு முன்பு காய்ந்து கிடந்த நிலத்தில் இப்போது கால் வைக்க இடமில்லாமல் பூ. வெள்ளைத் தும்பை, மஞ்சள் நெருஞ்சி, நீல விஷ்ணுகிராந்தி, மேட்டோரமெல்லாம் ஆவாரம். மான்கள்கூடக் கீழே பார்த்துப் பார்த்துத்தான் நடந்தன. தரையில் கூடு வைக்கும் பறவைகளுக்கு அதுதான் முட்டையிடும் காலம்.

அந்தப் புல்வெளியில் ஒரு குரங்கு இருந்தது. தன் முகத்தை ஓடைத் தண்ணீரில் பார்த்துவிட்டு, தனக்குத் தானே அழகப்பன் என்று பெயர் வைத்துக்கொண்ட குரங்கு. யாராவது பாராட்டினால் போதும், அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்த மனிதர்கள் ஒரு கேமராவை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அது அழகப்பன் கையில் கிடைத்தது. அதில் பேட்டரி எப்படித் தீராமல் இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். குரங்கு பேசும் என்றால் நம்புவீர்கள், பேட்டரி தீரவில்லை என்றால் மட்டும் நம்ப மாட்டீர்களா?

அன்று முதல் அழகப்பனுக்குப் படம் எடுப்பதே வேலை. காலையில் பூவை எடுப்பான், புழுவை எடுப்பான், கூட்டில் இருக்கும் முட்டையை எடுப்பான். உச்சி வெயிலில் எல்லா விலங்குகளும் வேலமர நிழலுக்கு வந்து சேரும். அப்போது கேமராவின் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டுவான்.

"அடேயப்பா! அண்ணே, இந்தக் கையை என்னிடம் கொடுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன்!" என்று முதல் வரிசையில் உட்கார்ந்து கத்துவான் ஒருவன்.

அவன் பம்மன் என்ற நரி. மகா சோம்பேறி. மோப்பம் பிடித்து, பதுங்கி, அலைந்து இரை தேடுவது அவனுக்கு வேப்பங்காய். எங்கேயாவது உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு வருமா என்று பார்ப்பவன்.

"அண்ணே, இந்தக் காடை முட்டை எவ்வளவு அழகு! எங்கே எடுத்தீங்க?" என்று கேட்பான்.

"பனைமரத்துக்கு வடக்கே, தும்பைச் செடி கூட்டமா இருக்கு பாரு, அங்கேதான்!" என்று அழகப்பன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். "புல்லு மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. நாலு பிடி பிடுங்கிப் போட்டேன். அப்புறம்தான் படம் பளிச்சுனு வந்துச்சு."

"பிடுங்கிப் போட்டீங்களா? பெரிய கலைஞர்ணே நீங்க!" என்பான் பம்மன்.

அடுத்த நாள் காடையின் கூட்டில் ஓடுகள் மட்டும் கிடக்கும். காடை தேம்பித் தேம்பி அழும். பாவம், என்ன நடந்தது என்றே அதற்குத் தெரியாது. பம்மன்தான் முதலில் போய், "ஐயோ தங்கச்சி, எந்தப் பாவி செஞ்ச வேலை இது!" என்று ஆறுதல் சொல்வான். வாயோரத்தில் மஞ்சள் கருகூடக் காய்ந்திருக்காது. எவ்வளவு திமிர் பாருங்கள்!

ஓடைக்குத் தெற்கே இருந்த மேட்டில் கூவாயி என்ற ஆள்காட்டிக் குருவி கூடு வைத்திருந்தாள். கூடு என்றால் சுள்ளியும் வைக்கோலும் இல்லை. தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் கூழாங்கற்கள், நடுவில் கூழாங்கல் நிறத்திலேயே நாலு முட்டை. பக்கத்தில் நின்று பார்த்தாலும் எது கல், எது முட்டை என்று தெரியாது.

கூவாயிக்கு வாய் பெரிது. யார் வந்தாலும் போனாலும், "டிட்டிட்டீ! யாரோ வர்றாங்க! டிட்டிட்டீ!" என்று புல்வெளி முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். "கொஞ்சம் மூடேன்டி" என்று சொல்லாத விலங்கு அங்கே கிடையாது. அவள் மூடியதும் கிடையாது.

அன்று காலை அவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பினாள். வந்து பார்த்தால் குழியைச் சுற்றி அவள் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த கற்களை யாரோ ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். நாலு முட்டையும் வெட்டவெளியில் பளபளவென்று தெரிந்தன. முட்டைகளை எண்ணினாள். நல்லவேளை, நாலும் இருந்தன. உள்ளே குஞ்சுகள் 'டொக் டொக்' என்று ஓட்டைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது. பொரிக்கப் போகிற நேரம்.

அவசர அவசரமாகக் கற்களைத் திரும்ப அடுக்கினாள். பிறகு, 'இது யார் வேலை?' என்று தெரிந்துகொள்ள வேலமரத்துக்குப் பறந்தாள்.

அங்கே அழகப்பன் புதுப் படம் காட்டிக்கொண்டிருந்தான். திரையில் அவளுடைய நாலு முட்டைகள்!

"எப்படி? கல்லையெல்லாம் தள்ளிட்டு எடுத்தேன்" என்றான் அழகப்பன்.

"பிரமாதம்ணே!" என்று பம்மன் நாக்கைச் சுழற்றிக்கொண்டான். "சுத்தி நீலமாத் தெரியுதே, விஷ்ணுகிராந்தியா? அது எந்தப் பக்கம்?"

"ஓடைக்குத் தெற்கே மேட்டுல, இடிஞ்ச புற்றுக்குப் பக்கத்துல."

"சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அந்தப் பூவைப் பார்க்க ஒரு நடை போகணும்ணே" என்று பம்மன் கொட்டாவி விட்டான்.

பூவைப் பார்க்கவாம்! கூவாயிக்குக் காடையின் முட்டைகள் நினைவுக்கு வந்தன. நேற்று படம், இன்று ஓடு. எல்லாம் புரிந்துவிட்டது.

நரி வந்தால் இறக்கை ஒடிந்தது போல் நொண்டி நொண்டி நடந்து, அதைக் கூட்டை விட்டுத் தூரமாக இழுத்துக்கொண்டு போவது ஆள்காட்டிகளின் வழக்கம். ஆனால் கூடு எங்கே என்று தெரியாத நரியிடம்தான் அந்த நடிப்பு செல்லும். இடத்தைப் படத்திலேயே பார்த்துவிட்டவன் நொண்டியைத் திரும்பிப் பார்ப்பானா? முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. வெயில் தாழ்வதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் நாலும் போய்விடும்.

எல்லோரும் கலைந்ததும் அவள் நேராக அழகப்பன் தலைக்கு மேலே போய் நின்று கத்தினாள்.

"டேய் குரங்கே! என் பிள்ளைகளை நரிக்கு இலை போட்டு வெச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா?"

"நான் என்ன செஞ்சேன்?" என்று அழகப்பன் காதைப் பொத்திக்கொண்டான். "படம்தானே எடுத்தேன்? ஒரு முட்டையைத் தொட்டேனா?"

"தொடலை. மூடி வெச்சிருந்ததைத் திறந்து காட்டின. வழியும் சொல்லி அனுப்பின. காடையோட முட்டை எங்கே? போய்க் கேளு! வானம்பாடியோட குஞ்சு எங்கே? போய்க் கேளு! நீ எடுத்த படத்துல உள்ள கூடு எதுவாவது இப்போ உசுரோட இருக்கான்னு பாரு!"

அழகப்பன் முகம் வெளிறியது. கேமராவைத் திருப்பி ஒவ்வொரு படமாகத் தள்ளினான். காடை, வானம்பாடி, கௌதாரி... ஒவ்வொன்றுக்கும் முதல் வரிசையில் இருந்து வந்த பாராட்டும் நினைவுக்கு வந்தது. அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கூவாயி, நான் முட்டாள். படுமுட்டாள். இந்தக் கேமராவை ஓடையில போட்டுடறேன்."

"போட்டு? நரிக்குத்தான் இடம் தெரிஞ்சு போச்சே! அழுகையை நிறுத்திட்டு ஏதாவது யோசி."

அழகப்பன் இன்னும் இரண்டு படம் தள்ளினான். ஒரு படத்தில் மஞ்சள் மஞ்சளாக ஆவாரங்கொத்து திரை முழுக்க நின்றது. அதன் ஓரத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ ஒன்று நீலமாகத் தெரிந்தது.

"இது என்ன?" என்றாள் கூவாயி.

"அதுவா? நம்ம மலைதான். பூவைக் கிட்டத்துல வெச்சு எடுத்தேன். கிட்ட இருக்கிறது பெருசா விழும், தூரத்துல இருக்கிறது சின்னதா விழும். மலையாவே இருந்தாலும் சரி."

கூவாயி பேசவில்லை. கொஞ்ச நேரம் வாயையே திறக்கவில்லை. அழகப்பனுக்குப் பயமாகிவிட்டது, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"அந்த மலை இருக்கிற இடத்துல," என்று அவள் மெல்லச் சொன்னாள், "சேற்றுப் பள்ளத்துப் பன்றியார் இருந்தா?"

சேற்றுப் பள்ளத்துப் பன்றியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு காட்டுப்பன்றி. உடம்பு பாறை மாதிரி, கொம்பு மாதிரி இரண்டு பல். பகல் முழுக்கப் பள்ளத்தில் படுத்துத் தூங்குவார். தூக்கத்தில் எழுப்பினால் யார், எவர், ஏன் என்று கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

"அம்மாடி!" என்று அழகப்பன் தலையில் கை வைத்தான். "கூவாயி, நீ வாயை மூடினா உன் மூளை என்னமா வேலை செய்யுது!"

"பேசாம நட" என்றாள் கூவாயி.

இரண்டு பேரும் பள்ளத்துக்குப் போனார்கள். பள்ளத்துக்கு எவ்வளவோ தூரம் இருக்கும்போதே அழகப்பன் நின்றுவிட்டான். அங்கே ஓர் ஆவாரஞ்செடி பூத்திருந்தது. கொத்துக்கு முன்னால் வயிறு தரையில் படப் படுத்து, கேமராவைப் பூவோடு ஒட்டிப் பிடித்தான். ஓர் இலையைக்கூட அவன் பிடுங்கவில்லை. தூரத்தில் பன்றியார் தலையைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டு குறட்டை விட்டார். 'கிளிக்!'

படத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. பெரிய மஞ்சள் கொத்து. அதன் கீழே, கொத்தில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்பு உருண்டை.

பம்மன் நிழலில் மல்லாந்து படுத்து வெயில் தாழக் காத்திருந்தான். அழகப்பன் போய்த் திரையை நீட்டினான்.

"தம்பி, இப்பத்தான் எடுத்தேன். எப்படி வந்திருக்கு?"

பம்மன் எழுந்து உட்கார்ந்தான். "அண்ணே, அந்தக் கறுப்பு என்ன?"

"நான் ஆவாரம்பூவைத்தான் எடுத்தேன். பின்னாடி ஏதோ படுத்துத் தூங்குது. நீயே பார்த்துச் சொல்லு."

பம்மன் பார்த்தான். காலா? ஆமாம், குட்டைக் கால். வாலா? ஆமாம், சின்ன வால். 'பன்றிக்குட்டி! நேற்றுதான் பிறந்திருக்கும். பூங்கொத்தைவிடச் சின்னது. ஒருவாய்க்குத்தான் வரும், ஆனால் எவ்வளவு மெத்தென்று இருக்கும்!' என்று அவன் வாயில் எச்சில் ஊறியது. பன்றிக்குட்டி என்றால் முதுகில் கோடு கோடாக இருக்கும். அந்தப் புல்வெளியில் பிறந்த எலிக்கும் அது தெரியும். பம்மன் பன்றிக்குட்டியை நேரில் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

"எந்த இடம்ணே?"

"சேற்றுப் பள்ளம்" என்றான் அழகப்பன். ஒரு பொய்கூட அவன் சொல்லவில்லை. அங்கே யார் படுத்துத் தூங்குவார் என்று சோம்பேறி பம்மன் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

'முட்டைக்குக் கால் கிடையாது, எங்கேயும் ஓடாது. குட்டி எழுந்து அம்மாவிடம் ஓடிவிடும். முதலில் அதை முடித்துவிட்டு, அப்புறம் முட்டை' என்று கணக்குப் போட்டுக்கொண்டு பம்மன் கிளம்பினான்.

காற்று பள்ளத்துப் பக்கத்திலிருந்து அடித்தது. பெரிய பன்றியின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வேறு எந்த நரியாக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருக்கும். பம்மன், "நான்தான் படத்தையே பார்த்தேனே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தான்.

ஆவாரஞ்செடி வந்தது. கீழே குட்டி இல்லை. எட்டிப் பார்த்தான். தூரத்தில் கறுப்பாக உருண்டை தெரிந்தது. "அதோ, தள்ளிப் போய்ப் படுத்திருக்கு கள்ளப்பயல்!" என்று போனான். பக்கத்தில் போகப் போக அந்த உருண்டை பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஆகா, கொழுத்த குட்டி!" என்றான்.

இன்னும் கொஞ்சம் போனான். "அடேயப்பா, ரொம்பக் கொழுத்த குட்டி!" என்றான்.

ஒரே பாய்ச்சலில் போய்க் காதைக் கடித்தான்.

குறட்டை நின்றது.

பன்றியார் எழுந்தார். எழுந்தார், எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார். பம்மன் அண்ணாந்து பார்த்தான். வாயில் இருந்த காது தானாக நழுவியது.

"மன்னிச்சுக்கங்கய்யா, படத்துல நீங்க சின்னதா..." என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பன்றியார் அவனை முட்டித் தூக்கினார். பம்மன் ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, கீழே விழுந்து, எழுந்து, எடுத்தான் ஓட்டம்!

"டிட்டிட்டீ! நரி ஓடுது! எல்லாரும் வாங்க! டிட்டிட்டீ!" என்று கூவாயி மேலே பறந்து கத்தினாள். மான், முயல், காடை, கௌதாரி என்று புல்வெளியே எழுந்து நின்று பார்த்தது.

ஆனால் ஐயோ! தறிகெட்டு ஓடிய பம்மன் நேராக ஓடைக்குத் தெற்கே இருந்த மேட்டை நோக்கி ஓடினான். பின்னால் பன்றியார். எட்டுக் காலும் போகிற வழியில் நாலு முட்டை!

கூவாயி கல் விழுவது போல் மேலிருந்து இறங்கினாள். முட்டைகளுக்கு முன்னால் நின்றாள். இரண்டு இறக்கையையும் அகல விரித்தாள். நரியின் ஒரு கால் அளவுகூட இல்லாத அந்தக் குருவி, தொண்டை கிழியக் கத்தினாள்:

"தள்ளிப் போங்கடா! இது என் வீடு!"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓர் அடி பின்வாங்கவில்லை.

திடீரென்று கண்முன்னே வெள்ளையும் கறுப்புமாக எழுந்து நின்று அலறிய அந்த உருவத்தைப் பார்த்துப் பம்மன் மிரண்டுபோனான். சட்டென்று பக்கவாட்டில் திரும்பினான். பின்னாலேயே பன்றியாரும் திரும்பினார். மண் தெறித்துக் கூவாயியின் முகத்தில் விழுந்தது. முட்டைகளின் மேல் ஒரு தூசிகூட விழவில்லை.

பம்மன் திரும்பிய பக்கம் முழுக்க நெருஞ்சி. பூ என்னவோ அழகுதான், ஆனால் முள்ளின் மேல் ஓடிப் பார்த்தால்தான் தெரியும். "ஐயோ! அப்பா! ஐயோ! அம்மா!" என்று ஒரு காலைத் தூக்கினால் மறுகாலில் முள். தத்தித் தத்தி, புரண்டு எழுந்து, மலையைத் தாண்டி ஓடினவன்தான். அதற்குப் பிறகு அந்தப் புல்வெளிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பன்றியார் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "என் காதைக் கடிச்சவன் போயிட்டான். அவனை அனுப்பினவன் எவனாவது இங்கே இருக்கானா?" என்று உறுமினார்.

அழகப்பன் கேமராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வேலமரத்தின் உச்சிக்கிளையில் நின்று வானத்தைப் பார்த்தான். முயல் புல்லைப் பார்த்தது. எல்லோரும் எங்கெங்கோ பார்த்தார்கள். பன்றியார் முணுமுணுத்துக்கொண்டே பள்ளத்துக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, பூக்களே குலுங்கின!

காடைதான் முதலில் சிரிப்பை நிறுத்தியது. அது கூவாயியின் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, நீங்க கத்துறதை நிறுத்தச் சொல்லி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றது. மான்கள் தலையை ஆட்டின.

அழகப்பன் மரத்தை விட்டு இறங்கி வந்து காடையின் முன்னால் தலைகுனிந்து நின்றான். "உன் முட்டை போனதுக்கு நான்தான் காரணம்" என்றான். காடை தன் வெறும் கூட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு, "மழைக்காலம் வர்றதுக்குள்ள மறுபடியும் முட்டை வைப்பேன். நீ அந்தப் பக்கம் வராதே" என்றது. "வரமாட்டேன். அடுத்தவன் வந்தாலும் விடமாட்டேன்" என்றான் அவன்.

மறுநாள் விடிந்து பனி உலர்வதற்குள் நாலு ஓடுகளும் உடைந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் பிறந்த அன்றே நடக்கும். பஞ்சுருண்டைகள் போல நாலு குஞ்சுகள் நீலப் பூக்களுக்கு நடுவே தட்டுத்தடுமாறி நடந்து வந்தன. அழகப்பன் எட்டத்தில் ஒரு பாறை மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேமரா மடியில் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"என்னடா பார்த்துக்கிட்டு இருக்க?" என்று கூவாயி புல்வெளி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "எடுடா படத்தை! இனி எவன் வந்தாலும் என் பிள்ளைங்க ஓடும்! நாலு பேரையும் சேர்த்து எடு! என்னையும் எடு!"

சொல்லிவிட்டு, இறக்கையை விரித்து, கழுத்தை நிமிர்த்தி, குஞ்சுகளோடு பூக்களின் நடுவே நின்றாள்.

நீதி: பிறர் கண்ணால் பார்த்தே பிழைக்க நினைப்பவன், தன் மூக்குக்கு நேரே நிற்கும் ஆபத்தையும் அறியமாட்டான்.